ரெண்டு வாத்து வாங்கு

வாத்துப் பண்ணைக்காரச் சீனப் பெண் ஆங் அக்கா, ஒரு வாத்தின் இரண்டு இறக்கைகளையும் பின்னால் சேர்த்து ஒரே கையில் பிடித்து, அதன் வயிற்றை அல்போன்சம்மாளின் முகத்துக்கு நேரே நீட்டினாள். அழுத்திப் பார் என்று அர்த்தம். அல்போன்சம்மாள் கைப்பையை முழங்கைக்கு ஏற்றிக்கொண்டு, இரண்டு விரலால் நெஞ்செலும்பை ஒட்டித் தடவினாள். எலும்பு குத்தவில்லை, சதை நன்றாகப் பிடித்திருந்தது. மற்ற வருஷமாக இருந்தால் அதோடு சரியென்று தலையாட்டியிருப்பாள். இன்றைக்குத் தொடையையும் பிடித்துப் பார்த்தாள். வாத்துக்கு அது பிடிக்கவில்லை. காலை உதறிப் புடவையெல்லாம் சேறு தெளித்தது.

“இது வேண்டாம். தொடை போதாது.”

ஆங் அக்கா சிரித்தாள். மேல்வரிசையில் ஒரு தங்கப் பல் உண்டு அவளுக்கு. இருவருக்கும் பொதுவாக இருந்த மொழி, சந்தையில் புழங்கும் மலாய்தான். அதிலேயே இத்தனை வருஷமாகக் குசலமும் பேரமும் சண்டையும் ஓடிக்கொண்டிருந்தன. “எப்போதும் நெஞ்சைத்தான் பார்ப்பாய். இந்த வருஷம் என்ன, தொடைமேல் கண்?” என்று கேட்டாள்.

“மருமகன் வருகிறார்,” என்றாள் அல்போன்சம்மாள். மலாயில் அந்த வார்த்தை எளிதாக வந்துவிட்டது. தமிழில் ‘மாப்பிள்ளை’ என்று அவள் இன்னும் யாரிடமும் சொன்னதில்லை.

பாசிர் ரிஸ் பக்கத்து அந்தப் பண்ணைக்கு வருவதென்றால் பஸ்ஸை விட்டிறங்கிச் செம்மண் பாதையில் நெடுந்தூரம் நடக்க வேண்டும். முந்தின இரவு மழை பெய்திருந்தது. குளத்தைச் சுற்றிக் கங்கோங் கீரை அடர்ந்து கிடந்தது. தகரக் கொட்டகைகளிலிருந்து வந்த தவிட்டு வாடை, கடற்காற்று திரும்பும்போதெல்லாம் முகத்தில் அடித்தது. வீட்டுக்குப் பக்கத்தில், ஆங் மோ கியோ மார்க்கெட்டிலேயே அறுத்துச் சுத்தம் செய்த வாத்து கிடைக்கும். ஆனால் அவள் கணவர் லாசரஸுக்கு அதெல்லாம் ஆகாது. கிறிஸ்துமஸ் வாத்து உயிரோடு வீட்டுக்கு வர வேண்டும்; இரண்டு நாளாவது வீட்டுச் சோற்றைத் தின்ன வேண்டும்; இருபத்து நான்காம் தேதி காலையில் அவர் கையால் அறுபட வேண்டும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். வீட்டிலும் கப்பலில் இருப்பவனைக் கூப்பிடுவது போலத்தான் பேசுவார். அந்த ஆள் இந்த ஒரு வருஷமாக ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வாயே திறக்கவில்லை.

சென்ற தை மாதம் அவர்களுடைய ஒரே மகள் பிரிஜட், செம்பவாங் கப்பல் பட்டறையில் தன்னோடு வேலை பார்த்த தனசேகரனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அவன் இந்து. மதம் மாற அவனும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. லாசரஸ் போகவில்லை, அவர் போகாததால் அல்போன்சம்மாளும் போகவில்லை. அன்று அவர் சத்தம் போட்டிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவரோ லூர்து மாதா கோயிலில் முன்வரிசையில் உட்காருவதை நிறுத்திவிட்டுக் கடைசித் தூணுக்குப் பின்னால் போய் உட்கார ஆரம்பித்தார். கணீரென்று பாடும் குரல், தூணோடு தூணாகிவிட்டது.

அப்படிப்பட்டவர் பத்து நாளைக்கு முன் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே, தட்டைப் பார்த்துச் சொன்னார்: “இந்த வருஷம் ரெண்டு வாத்து வாங்கு.”

அவளுக்குப் புரையேறியது. “ரெண்டு எதுக்குங்க? நாம ரெண்டு பேருதானே?”

“தொடை வைக்கணும்ல?”

அவ்வளவுதான். தட்டோடு எழுந்து போய்விட்டார்.

லாசரஸின் வீட்டு வழக்கம் அது. கல்யாணத்துக்குப் பிறகு வரும் முதல் கிறிஸ்துமஸில், மாமனார் தன் கையால் வாத்துத் தொடையை எடுத்து மருமகனின் தட்டில் வைப்பார். மோதிரமோ கைக்கடிகாரமோ அப்புறம்தான். தொடை விழுந்த நிமிஷத்திலிருந்து அவன் அந்த வீட்டுப் பிள்ளை. அதற்குப் பிறகு அவனைப் பற்றி யாரும் ஒரு குறை பேசக்கூடாது. லாசரஸின் அக்காள் கணவர் எட்மண்டுக்கு அந்தக் காலத்தில் ஏதோ கோபத்தில் தொடைக்குப் பதில் கழுத்தை வைத்துவிட்டார்களாம். பேரன் எடுத்த பிறகும் எட்மண்ட், யார் வீட்டு விருந்துக்குப் போனாலும், “நமக்கெல்லாம் கழுத்துதான்லா,” என்று சொல்லாமல் கை நனைப்பதில்லை.

ஆகவே அது வாத்து விஷயமே அல்ல. ‘நான் கல்யாணத்துக்கு வராதது தப்பு’ என்று வாயால் சொல்லத் தெரியாத ஒரு மனிதர், அதைக் கையால் சொல்லிவிடப் பார்க்கிறார். அல்போன்சம்மாளுக்கு அது புரிந்தது. மறுநாள் காலை அவர் பேப்பர் வாங்கக் கீழே இறங்கியதும் மகளுடைய ஆபீசுக்குப் போன் செய்தாள். “அப்பா ரெண்டு வாத்து வாங்கச் சொல்லிட்டார்டி,” என்றாள். “வர்றோம்மா,” என்று மட்டும் பிரிஜட் சொன்னாள். குரலில் அழுகை இருந்தது. அழுகைக்குப் பின்னால் வேறு என்னவோ தயக்கமும் இருந்தது. சந்தோஷத்தில் அல்போன்சம்மாள் அதைக் கவனிக்கவில்லை.

கடைசியில் தொடை திரண்ட இரண்டு வாத்துகள் அகப்பட்டன. கால்களைக் கட்டி, பிரம்புக் கூடையில் வைத்து, மேலே பழைய துண்டைப் போட்டு ஓரங்களைச் செருகினாள் ஆங் அக்கா. புறப்படும்போது கொட்டகைக்குள் ஓடிப் போய் ஒரு பறங்கிக்காயைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “மருமகனுக்கு என் பரிசு. என் தோட்டத்தில் காய்த்தது.”

“கிறிஸ்துமஸுக்குப் பறங்கிக்காயா?” என்று அல்போன்சம்மாள் சிரித்தாள். ஆனாலும் மறுக்காமல் வாங்கிக்கொண்டாள்.

தெம்பனிஸ் சாலை வழியாக வந்த பஸ்ஸில் கூடையைக் காலுக்கடியில் தள்ளி, புடவைத் தலைப்பை அதன்மேல் இழுத்து விட்டுக்கொண்டாள். ஒரு வாத்து லேசாகக் குரல் கொடுத்தபோது அவள் பலமாக இருமினாள். ஓட்டுநர் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு, பண்டிகை நேரம் என்று நினைத்தாரோ என்னவோ, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நேரே வீட்டுக்குப் போக முடியாது. சிராங்கூன் சாலையில் ஜலாலுதீன் பாயிடம் சட்டை தைக்கக் கொடுத்திருந்தாள். ரெடிமேட் சட்டை வாங்கிக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. சிறுவயதில் பிரிஜட் கோயிலில் முதல் நன்மை வாங்கியபோது போட்ட கவுனிலிருந்து லாசரஸின் பணி ஓய்வு விழாச் சட்டைவரை அந்த வீட்டுக்கு விசேஷம் என்றால் ஜலாலுதீன் தையல்தான். ஒரே ஒரு சிக்கல், மாப்பிள்ளையின் அளவு அவளுக்குத் தெரியாது. அவனை அவள் இரண்டே முறைதான் பார்த்திருக்கிறாள். பெண் கேட்டு வந்தபோது வாசல் கேட்டுக்கு வெளியே ஒருமுறை. கோயில் வளாகத்தில் லாசரஸிடம் பேச முயன்று திரும்பிப் போனபோது ஒருமுறை. இரண்டு தடவையும் அவன் முகத்தைவிடக் கணவரின் முகத்தைத்தான் அவள் பயந்து பயந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கைகளை அகட்டி, “இவ்வளவு இருப்பார் பாய்,” என்று காற்றில் ஓர் அளவு காட்டிவிட்டு வந்திருந்தாள்.

கடைவரிசையை ஒட்டிய ஐந்தடி நடைபாதையில் இரண்டு மெஷின்கள், ஓர் ஆளுயரக் கண்ணாடி, கயிற்றில் தொங்கும் துணிகள். அதுதான் ஜலாலுதீனின் கடை. எதிரே தேக்கா மார்க்கெட்டின் புதுக் கட்டடத்திலிருந்து கூட்டம் வழிந்துகொண்டிருந்தது. மல்லிகை வாசமும் மீன் வாசமும் கலந்து வந்தன. கயிற்றில் பாதி கறுப்பு வேட்டியும் கறுப்புச் சட்டையுமாகத் தொங்குவதை அவள் பார்த்தாள். மாலை போட்டவர்களுக்கான துணி.

“சட்டை ரெடி அக்கா,” என்று ஜலாலுதீன் இளமஞ்சளில் வெள்ளை கலந்த அந்தச் சட்டையை உதறிக் காட்டினார். “ஆனா தோள்லதான் எனக்குச் சந்தேகம். காத்துல அளவு காட்டிட்டுப் போயிட்டீங்க. மாப்பிள்ளைக்கு இறுக்கிப் பிடிச்சா, உங்க வீட்டுக்காரர் போடுற சத்தம் இங்க வரைக்கும் கேக்கும்.”

“உயரம் சொன்னேனே பாய்.”

“சட்டைக்குத் தோள்தான்க்கா முக்கியம். உயரத்தை வச்சு நான் கொடிக்கம்பமா நட முடியும்?” அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். கறுப்பு வேட்டி கட்டிய ஒருவர், இன்னொரு வேட்டிக்கு ஓரம் மடித்துத் தைத்து வாங்கக் காத்துக்கொண்டு, சாலையைப் பார்த்தபடி கண்ணாடி அருகே நின்றிருந்தார். “அந்தச் சாமி அளவு இருப்பாரா பாருங்க.”

அல்போன்சம்மாள் முதுகைப் பார்த்தாள். “இவர் கொஞ்சம் ஒல்லி. ஆனா தோள் இப்படித்தான் இருக்கும்.”

“சாமி, தப்பா நினைக்காதீங்க. அப்படியே திரும்பாம நில்லுங்க.”

சாமி திரும்பவில்லை, அசையக்கூட இல்லை. ஜலாலுதீன் நீட்டிய சட்டையை அவள் வாங்கி, தோளோடு தோள் சேர்த்து அந்த முதுகின்மேல் வைத்துப் பார்த்தாள். தையல் சரியாகத் தோள் முனையில் வந்து உட்கார்ந்தது. அவள் தன்னையறியாமல் உள்ளங்கையால் சட்டையை நீவிவிட்டாள்.

“சரியா இருக்கு பாய். அளவெடுத்த மாதிரியே இருக்கு.”

“ஆமா அத்தை,” என்றது முதுகு. “எனக்கு அளவெடுத்த மாதிரிதான் இருக்கு.”

அவள் கை அந்தரத்தில் நின்றது. கண்ணாடியில் பார்த்தாள். தாடிக்கு மேலே, வாசல் கேட்டுக்கு வெளியே அன்று நின்ற அதே கண்கள். கழுத்தில் துளசி மணி மாலை. காலில் செருப்பில்லை.

“நான்தான் அத்தை. சேகர்.”

அந்த நேரம் பார்த்துக் கூடையிலிருந்த வாத்து துண்டை முட்டித் தள்ளிக்கொண்டு தலையை நீட்டி, சிராங்கூன் சாலைக்கே கேட்கும்படி கத்தியது. மற்றதும் சேர்ந்துகொண்டது. தனசேகரன் வாத்தைப் பார்த்தான். அவள் அவன் மாலையைப் பார்த்தாள். இருவருக்கும் எல்லாம் புரிந்துவிட்டது. ஜலாலுதீன் மட்டும் ஊசியில் நூல் கோப்பவர் போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

முதலில் சிரித்தவன் அவன்தான். அடக்கப் பார்த்து முடியாமல், தோள் குலுங்க. “ரெண்டும் ரொம்பக் கோபமா இருக்கு அத்தை,” என்றான். அந்தச் சிரிப்பில் அவளுக்கும் உதடு பிரிந்தது. ஒரு மருமகன் தன்னை ‘அத்தை’ என்று கூப்பிடுவது இதுதான் முதல் முறை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

பக்கத்து சராபாத் டீக்கடையில் பெஞ்சை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்து, தேநீர் வாங்கிக் கொடுத்தான். தனக்கு வெறும் தண்ணீர். கூடையை அவன்தான் தூக்கி வந்து நிழலில் வைத்தான்.

“அவ ஏன் எங்கிட்டச் சொல்லலை?” என்றாள்.

“சொல்லத்தான் நினைச்சா. நீங்க ரெண்டு வாத்துன்னு சொன்னதும் அவளால முடியலை. தொடை விஷயமெல்லாம் எங்கிட்ட எப்பவோ சொல்லியிருக்கா. இப்ப மாலை போட்டிருக்கார்னு சொன்னா, மாமா வேணும்னே செஞ்சதா நினைச்சிடுவாரோன்னு பயம். அவர் வரவேண்டாம்னு சொல்லிட்டா என்ன செய்றது?”

“எப்பப் போட்டீங்க?”

“கார்த்திகை ஒண்ணு. பட்டறைல சேஃப்டி ஷூ போட்டே ஆகணும். கேட் தாண்டினதும் கழட்டிடுவேன். தை ஒண்ணு அன்னைக்குத்தான் மாலை இறங்கும்.”

“மலைக்குப் போறீங்களா?”

“இந்த வருஷம் இல்ல. இங்கயே கோயில்ல இருமுடி இறக்கிடலாம்னு இருக்கேன். அவளை இந்த நேரத்துல விட்டுட்டு எப்படி...”

சட்டென்று நிறுத்திக்கொண்டான். அல்போன்சம்மாளின் கையிலிருந்த கிளாஸ் பாதி வழியில் நின்றது.

“எந்த நேரத்துல?”

அவன் தாடியைச் சொறிந்தான். சாலையைப் பார்த்தான். வாத்துக் கூடையைப் பார்த்தான்.

“என்னைக் கொன்னுடுவா அத்தை. நேர்ல வந்து, உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணாச் சொல்லணும்னு வச்சிருக்கா.”

“எத்தனாவது மாசம்?”

“ஆறு.”

கிளாஸைப் பெஞ்சில் வைத்தாள். அவன் மெல்லச் சொன்னான்: ஆவணியில் உதிரப்போக்கு. கே.கே. ஆஸ்பத்திரியில் ஒரு வாரம். கரு தங்குவது கஷ்டம் என்றார்கள். ஒரு சாயங்காலம் வார்டிலிருந்து வெளியே வந்து, எங்கே போவதென்று தெரியாமல் இந்தச் சாலையில் மேலும் கீழுமாக நடந்தபோது, கறுப்புத் துணி தொங்கும் ஒரு கடை கண்ணில் பட்டது. அப்போதுதான் நேர்ந்துகொண்டான். அவனுக்கு அப்படியொன்றும் பெரிய பக்தி கிடையாது. “வேற என்ன செய்றதுன்னு தெரியலை அத்தை,” என்றான்.

ஆஸ்பத்திரி இங்கிருந்து கூப்பிடு தூரம். அந்த வாரமும் அவள் தேக்காவுக்கு வந்திருப்பாள், மீன் வாங்கியிருப்பாள், முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்திருப்பாள். அந்த நாட்களில் வீட்டுப் போன் சாயங்காலமானால் அடித்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. லாசரஸ் எடுப்பார். “ஹலோ! ஹலோ!” என்று கத்துவார். எதிரே யாரும் பேசமாட்டார்கள். “எவனோ வேலையத்தவன்,” என்று வைத்துவிடுவார். அடுப்படியில் நின்றுகொண்டு அவள் அதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அழவில்லை. தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “சாப்பாட்டுக்கு என்ன செய்வீங்க?” என்று கேட்டாள்.

“கவிச்சி மட்டும் வேண்டாம். உங்க கையால வேற எது போட்டாலும் சரி. எனக்காக நீங்க உங்க சமையலை மாத்தாதீங்க.”

சட்டையை அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொள்ளவில்லை. “இப்பக் கலர் சட்டை போடமுடியாது. நீங்களே வச்சிருங்க அத்தை. வீட்டுக்கு வந்து வாங்கிக்கிறேன். மாலை இறங்குற அன்னைக்குப் போட்டுக்கிறேன்.”

பஸ் நிறுத்தம்வரை கூடையையும் பறங்கிக்காயையும் அவனே சுமந்து வந்தான். கறுப்பு வேட்டிக்காரன் வாத்து சுமப்பதை வழியில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவன் தைக்கக் கொடுத்த வேட்டியை மடித்து எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்த ஜலாலுதீன், “மாலை போட்டவங்களைச் சாமின்னுதான் கூப்பிடணும்க்கா, தெரியுமில்ல?” என்றார் குறும்பாக.

“எனக்குச் சாமி கோயில்ல இருக்கார் பாய்,” என்றாள் அல்போன்சம்மாள். “இவர் மாப்பிள்ளை.”

வீடு போய்ச் சேரும்வரை யோசித்தாள். சொல்லாமல் விட்டுவிடலாமா? அவனுக்குத் தனியாகக் காய்கறி வைத்து, அன்றைக்கு எப்படியோ சமாளித்துவிடலாமா? ஆனால் லாசரஸின் கை தொடையோடு அந்தத் தட்டுக்கு மேல் போய் நிற்பதை நினைத்துப் பார்த்தாள். அவன் தட்டை நகர்த்தினால் அந்தக் கை எங்கே போகும்? கழுத்து கிடைத்த எட்மண்டாவது இத்தனை வருஷம் பேசித் தீர்த்துக்கொண்டார். இவர் பேசமாட்டார். தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடுவார். பிறகு அங்கேயிருந்து எழவே மாட்டார். குழந்தை விஷயத்தைச் சொன்னால் உருகிவிடுவார்தான். ஆனால் அது மகளின் வாயிலிருந்து வரவேண்டிய வார்த்தை. ஒரு வருஷமாக அவளிடமிருந்து எவ்வளவோ பறித்தாகிவிட்டது. அதையும் பறிக்கக்கூடாது.

லாசரஸ் வாத்துகளைக் கண்டதும் சிறு பிள்ளையாகிவிட்டார். தொடையைப் பிடித்துப் பார்த்து, “அடேயப்பா!” என்றார். குளியலறையில் சாக்கு விரித்துக் கட்டிப் போட்டு, சோற்றைப் பிசைந்து வைத்தார். கத்தியையும் கல்லையும் எடுத்து வந்து கூடத்தில் உட்கார்ந்தார். வாய்க்குள் ஏதோ பாட்டுகூட முனகினார். அவள் பூண்டு உரித்துக்கொண்டே, தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

கல்லில் கத்தி உரசும் சத்தம் நின்றது.

“மாலையா?”

“ஆமா.”

“நாம கூப்பிட்டதுக்கு அப்புறமா?”

“கார்த்திகை ஒண்ணுலயே போட்டுட்டார். நேந்துகிட்டது ஆவணியில. அப்ப நீங்க அந்தப் பேரையே எடுக்கக்கூடாதுன்னு இருந்தீங்க.”

“எதுக்கு நேர்த்தி?”

ஒரு பூண்டுப் பல்லை உரித்து முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். “பிரிஜட் வந்து சொல்லுவா.”

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நிமிரவில்லை. தைத்த சட்டையை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தாள். “நல்லா இருக்குன்னார். மாலை இறங்குற அன்னைக்குப் போட்டுக்கிறாராம். வீட்டுக்கு வந்து வாங்கிக்கிறேன்னு சொல்லிட்டார்.”

லாசரஸ் சட்டையின் தோளைத் தொட்டுப் பார்த்தார். எழுந்து போய்க் கத்தியை அலமாரிக்கு மேலே வைத்தார். வரச் சொல்கிறாரா வேண்டாமென்கிறாரா என்று அவளுக்கு விளங்கவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. அடுத்த இரண்டு நாளும் அவர் வாத்துகளுக்குச் சோறு வைத்தார், குடிலுக்கு வைக்கோல் பரப்பினார், ஜன்னலில் நட்சத்திரம் கட்டினார். வரப்போகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவளும் பாத்திரங்களை மட்டும் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கவிழ்த்தாள்.

இருபத்து நான்காம் தேதி காலை. வழக்கப்படி இறகு பிடுங்கப் பெரிய தவலையில் வெந்நீர் வைத்தாள். அது தளதளவென்று கொதித்தும் அவர் வரவில்லை. குளியலறையை எட்டிப் பார்த்தாள். லாசரஸ் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். வாத்துகளின் காலில் இருந்த கட்டு அவிழ்க்கப்பட்டிருந்தது. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பி இரண்டையும் அதில் விட்டிருந்தார்.

“தண்ணி கொதிச்சிடுச்சுங்க.”

“இறக்கி வை. நான் குளிச்சிக்கிறேன்.” வாத்தின் முதுகில் தண்ணீரை அள்ளி ஊற்றினார். “மாலை எப்ப இறங்குதுன்ன?”

“தை ஒண்ணு. பொங்கல் அன்னைக்கு.”

“சட்டை அதுவரைக்கும் காத்திருக்கும்னா, வாத்து காத்திருக்காதா?”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. “அய்யோ, மூணு வாரமா? ஹவுசிங் போர்டுக்காரன் பார்த்தா ஃபைன் போடுவான்லா!”

“ஏழாவது மாடியில வந்து வாத்தை எவன் பார்க்கப்போறான்?”

“கத்துமே!”

“கத்தினா, என் வீட்டுக்காரர் பாட்டுப் பழகுறார்னு சொல்லு.”

பிறகு, அவளிடம் சொல்வதுபோல் இல்லாமல் வாத்துகளிடம் சொன்னார்: “நாளைக்கு என்னத்தை வைக்கிறது நான்? வெறும் கையா இருக்கே.”

அல்போன்சம்மாள் போய்ப் பறங்கிக்காயை எடுத்து நடுவே பிளந்தாள். உள்ளே மஞ்சள் கொழிக்கப் பழுத்திருந்தது.

கிறிஸ்துமஸ் அன்று விடிந்ததிலிருந்தே மழை. காலைப் பூசை முடிந்து வந்து, அவள் சமையலை முடித்தாள். பறங்கிக்காய்ப் புளிக்குழம்பு, வாழைக்காய் வறுவல், முருங்கைக்காய் சாம்பார், பாயசம். கிறிஸ்துமஸ் வீட்டில் சாம்பார் மணக்கிறதே என்று அடுத்த வீட்டு ரஷீதா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். லாசரஸ் புதுச் சட்டை போட்டு, மேஜை விரிப்பை நாலைந்து முறை நீவிவிட்டு, கதவுக்கு நேராக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மகள் குடியிருக்கும் மார்சிலிங்கிலிருந்து வரும் பஸ்ஸைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதுபோல் அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்தார்.

லிஃப்ட் ஆறாம் மாடியில்தான் நிற்கும். அங்கிருந்து ஒரு மாடி ஏறி வரவேண்டும். அது வந்து நின்று, கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு படிக்கட்டில் செருப்புச் சத்தம். பாரம் சுமந்து வருவதுபோல, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று, மெதுவாக. பிரிஜட்டின் நடைதான்.

லாசரஸ் தலையைச் சாய்த்துக் கேட்டார். ஒரே ஒரு ஜோடிச் செருப்பின் சத்தம். வேறொன்றும் இல்லை. அவர் முகம் மெல்ல மெல்ல இறங்கியது.

“தனியாத்தான் வர்றா,” என்றார். கப்பலுக்குக் கேட்கும் குரல், பக்கத்தில் நின்றவளுக்கே கேட்கவில்லை. “நான் கல்யாணத்துக்குப் போகலை. அவன் எதுக்கு வருவான்?”

அல்போன்சம்மாள் கேட்டைத் திறந்து நடைபாதையில் எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்து கணவரின் முழங்கையைப் பிடித்து எழுப்பினாள். வாசல்வரை அழைத்துப்போய், படிக்கட்டின் பக்கம் கை காட்டினாள்.

சாரல் அடிக்காத உலர்ந்த சிமெண்டில் செருப்பின் ஈர அச்சுகள் வளைந்து வளைந்து வந்துகொண்டிருந்தன. அவற்றை ஒட்டி, எந்தச் சத்தமும் இல்லாமல், ஐந்து விரலும் தெளிவாகப் பதிந்த, செருப்பில்லாத ஈரக் காலடிகள் கூடவே வந்துகொண்டிருந்தன. லாசரஸ் கொஞ்ச நேரம் அந்தப் பாதங்களையே பார்த்தார். பிறகு, ஈரம் துடைக்கத் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, நிலைப்படிக்கு வெளியே ஓர் அடி எடுத்து வைத்தார். உள்ளே, குளியலறையில், வாத்துகள் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தன.